சுருள் நாடாவின் சாட்சி

பழைய சாமான் சேர்ப்பவர்களில் பல தரம் உண்டு. தபால் தலை சேர்ப்பவர் சாது. ஓர் ஆல்பத்தோடு அவர் காரியம் முடிந்துவிடும். செப்புக் காசு சேர்ப்பவர் கொஞ்சம் ரகசியக்காரர். வெண்கல விளக்கு, சுவர்க் கடிகாரம், கிராமபோன் என்று போகிறவர்களுக்கு வீட்டில் இடமும் வேண்டும், வீட்டில் உள்ளவர்களின் பொறுமையும் வேண்டும். இந்த வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்திருக்கிறவர், ஸ்பூல் டேப் ரிக்கார்டர் சேர்ப்பவர். இரண்டு தட்டுகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும் பழுப்பு நாடா, பியானோக் கட்டை மாதிரி அழுத்துகிற சாவிகள், பாட்டுக்கு ஏற்றபடி சுருங்கி விரியும் ஒரு பச்சைக் கண். பழைய யந்திரமானால் 10 அல்லது 15 கிலோ கனம். கைப்பிடி இருப்பதால் மட்டும் அதைக் கையில் தூக்கிப் போகலாம் என்று செய்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பழைய யந்திரத்தை ஒருவர் விலைக்குக் கேட்டால் முதலில் எழுகிற கேள்வி, "இது அசலா?" என்பதுதான். அசல், நகல், கலப்பு என்று தரம் பிரிப்பது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் புதிதல்ல. ராஜபாளையம் நாயை வாங்க வருகிறவர், வெள்ளை உடம்பில் எங்காவது ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மூக்கு ரோஜா நிறமாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். 2005-இல் அந்த நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் கதையும் இதேதான். மதுரை ரோட்டிலிருந்து சென்னை வரைக்கும் அந்தப் பெயரில் பலகை தொங்குகிறது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பலகைகள் இறங்கினவா என்பது வேறு விஷயம். நாயின் மூக்கையும் பாலின் மணத்தையும் வைத்து ஜாதி சொல்லுகிற இரண்டு ஊர்க்காரர்கள் ஒரு ஜெர்மன் யந்திரத்துக்கு எப்படிச் சான்றிதழ் கொடுப்பது? அதற்கு அந்த யந்திரத்தின் பூர்வோத்தரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

காந்தத்தில் குரலைப் பிடித்து வைக்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமர் பௌல்சன். 1898-இல் அவர் எஃகுக் கம்பியில் பேச்சைப் பதித்தார். 1900-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த ஆஸ்திரியச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் அந்தக் கம்பிக்குள் சில வார்த்தை பேசிவிட்டுப் போனார். அது இன்றும் இருக்கிறது. கம்பி சிக்கிக்கொள்ளும், அறுந்தால் முடிச்சுப் போடத்தான் வேண்டும். நாடா என்ற யோசனையைக் கொடுத்தவர் பிரிட்ஸ் ப்ளூமர் என்பவர். சிகரெட்டின் நுனியில் பளபளக்கும் உலோகப் பட்டையைக் காகிதத்தில் ஒட்டுகிற வித்தை அவருக்குத் தெரியும். உலோகத் தூளைக் காகிதத்தில் ஒட்டினால் சிகரெட்டுக்கு ஆகிறது, குரலுக்கு ஆகாதா என்று அவர் நினைத்ததன் பலன், 1928-இல் காந்த நாடாவுக்கு எடுத்த உரிமம். ஏ.இ.ஜி. கம்பெனி அதை வாங்கி 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மேக்னெட்டோபோன்' என்ற பெயரில் வைத்தது. மறு வருஷம் நவம்பர் 19-ஆம் தேதி லுட்விக்ஸ்ஹாபன் நகரில் தாமஸ் பீச்சம் நடத்திய லண்டன் பில்ஹார்மோனிக் கச்சேரியை நாடாவில் பிடித்தார்கள். 1940-இல் அதிவேக மின் அதிர்வைச் சேர்த்துப் பதிகிற முறையை அங்கே கண்டுபிடித்த பிறகு, நாடாவின் இரைச்சல் அடங்கிவிட்டது.

யுத்தம் முடிந்தபோது ஜாக் முல்லின் என்ற அமெரிக்க ராணுவ இன்ஜினீயர் இரண்டு மேக்னெட்டோபோன் யந்திரங்களைக் கழற்றி, பகுதி பகுதியாகத் தபாலில் ஊருக்கு அனுப்பினார். கூடவே 50 சுருள் நாடா. பிங் கிராஸ்பி என்ற பாடகர் ஒவ்வொரு வாரமும் ரேடியோவில் நேரடியாகப் பாடிச் சலித்திருந்தவர், முல்லினை அழைத்துக்கொண்டார். 1948-இல் ஆம்பெக்ஸ் என்ற சிறு கம்பெனி அமெரிக்க யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கிராஸ்பிக்கு விடுமுறை கிடைத்தது; உலகத்துக்கு டேப் ரிக்கார்டர் கிடைத்தது.

ஜப்பான்காரர்களின் கதைதான் எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது. இபுகாவும் மொரிட்டாவும் தோற்றுப்போன தேசத்தில், நாடா செய்யப் பிளாஸ்டிக் கிடைக்காமல், காகிதத்தை வெட்டிக்கொண்டார்கள். இரும்பு உப்பை வாணலியில் வறுத்து மருந்துத் தூள் எடுத்தார்கள். அதைக் குழைத்து மெல்லிய மயிர்த் தூரிகையால் காகிதத்தின்மேல் தடவினார்கள். 1950-இல் வெளிவந்த அந்த யந்திரத்தின் கனம் 45 கிலோ. வாங்குவாரில்லை. கடைசியில் ஜப்பானின் சுப்ரீம் கோர்ட்டு 20 யந்திரம் வாங்கியது. யுத்தத்துக்குப் பிறகு அங்கே சுருக்கெழுத்துக்காரர்களுக்குப் பஞ்சம். அந்தக் கம்பெனிக்குப் பிற்காலத்தில் சோனி என்று பெயர் வந்தது. வாணலியில் வறுத்த நாடாவை முதலில் நம்பியது ஒரு நீதிமன்றம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோர்ட்டு விவகாரம் பின்னால் வரும்.

தமிழ்நாட்டுக்கு இந்த யந்திரம் வந்த வழி அரசாங்க வழி, சொந்த வழி என்று இரண்டு. வானொலி நிலையங்களும் சினிமாக் கம்பெனிகளும் தங்கள் தொழிலுக்கு வரவழைத்துக்கொண்டது முதல் வழி. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் பேச ஆரம்பித்தபோது நாடா இங்கே கிடையாது. 1950-களில்தான் அது பரவியது. இரண்டாவது வழி, கடல் கடந்து போனவர்களின் பெட்டியோடு வந்த வழி. 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, இறக்குமதிக்குக் கடிவாளம் இறுகிய பிறகு, டேப் ரிக்கார்டரைக் கடையில் போய் வாங்குவது என்பது கனவு மாதிரி ஆயிற்று. சிங்கப்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிற மாமனாரும் மைத்துனரும் கொண்டுவந்தால் உண்டு. ஆகவே யந்திரங்கள் பணமும் உறவும் உள்ள வீடுகளில் போய்ச் சேர்ந்தன.

ராஜபாளையம் அப்படிப்பட்ட வீடுகள் உள்ள ஊர். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பைக்காராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் நீர்மின்சாரம் உற்பத்தியாகித் தெற்கே பஞ்சாலைகளை ஓட்டியது. மில் வந்தால் சங்கு வரும், சங்கோடு மின்சாரம் வரும், மின்சாரத்தோடு ரேடியோ வரும். அதன் பின்னால் டேப் ரிக்கார்டர். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் இது. பாட்டுக்கும் கூட்டத்துக்கும் பஞ்சமில்லை.

12 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரின் சொத்து வேறு மாதிரி. அங்கே குரல் இருக்கிறது. அரையர் சேவை என்ற கலை தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று கோயில்களில் நின்று நிலைத்தது. வெளியே சொன்னால் மேல்கோட்டை. தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம். திவ்யப் பிரபந்தத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, வியாக்கியானமும் சொல்லுகிற பரம்பரைக் கைங்கரியம் அது. நாலாயிரம் பாசுரமும் அச்சில் இருக்கிறது. எந்த அச்சகமும் அச்சிட முடியாதது அரையர் வாயிலிருந்து அவர் மகன் காதுக்குப் போகிற அந்த இழுப்பு. நம்முடைய பாட்டுச் சேகரங்கள் எல்லாவற்றுக்குமே இந்தக் குறை உண்டு. பெர்ஸி மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேர்த்த நாடோடிப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்று பதிப்பித்தார். நா. வானமாமலை 1964-இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வெளியிட்டார். இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் அந்தப் பக்கங்களில் நாற்று நடுகிறவளின் வார்த்தை இருக்கிறது. அவள் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள் என்பது இல்லை. அதைச் சொல்ல நாடாவால்தான் முடியும்.

ராஜபாளையத்தில் யந்திரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் குரல். நடுவில் ஒரு கார்ச் சவாரி. இந்த இரண்டும் ஒன்று சேர்ந்த சமயங்கள் இருந்திருந்தால், அந்தச் சுருள்கள் எங்கேயோ ஒரு பீரோவுக்கு மேலே இருக்கின்றன. சேகரிப்பாளர் விலை பேசுகிறது பீரோவுக்குக் கீழே இருக்கிற யந்திரத்துக்கு.

யந்திரத்தை முதலில் பார்த்துவிடுவோம். வியாபாரி, "இது ஆல் இந்தியா ரேடியோவில் ஓடியது" என்பார். அல்லது "மிலிடெரி சாமான்" என்பார். பெயின்டில் எழுதிய ஓர் எண்ணைக் காட்டுவார். பெயின்டு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அடிப்பக்கத் தகட்டில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். அந்தத் தகட்டின் திருகுகளில் திருப்புளி பட்ட காயம் இருந்தால், தகடு வேறு உடம்பிலிருந்து வந்திருக்கலாம். குமிழைக் கழற்றிப் பார்த்தால், பல வருஷம் ஒரே இடத்தில் இருந்த குமிழின் கீழே வெயில் படாத ஒரு வட்டம் தெரியும். வட்டம் பெரிதாகவும் குமிழ் சிறிதாகவும் இருந்தால் அது மாற்றாந்தாய்க் குமிழ். உள்ளே வால்வுகளிலும் கண்டென்சர்களிலும் செய்த காலத்தைக் குறிக்கும் அடையாளங்கள் உண்டு. 1955 மாடல் என்று விற்கிற பெட்டிக்குள் டிரான்சிஸ்டர் வரிசையாக உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. 1947-இல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டருக்குள் சகஜமாகக் குடியேறியது 1960-ஐ ஒட்டித்தான். தோளில் மாட்டிக்கொண்டு பாட்டரியில் ஓட்டுகிற ஊஹெர் 4000 வந்தது 1961-இல்.

ரப்பர் பெல்ட்டு மாற்றியிருக்கிறது, கண்டென்சர் மாற்றியிருக்கிறது என்பதற்காகச் சிலர் விலையைக் குறைக்கிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. ரப்பர் என்பது உளுத்துப் போகிற வஸ்து. கிழவருக்குப் பல் கட்டியிருக்கிறது என்பதற்காக அவர் அசல் கிழவர் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லுகிறேன். சில யந்திரங்களில் கம்பெனி வைக்காத ஒரு சாமான்தான் அதன் ஜாதகம்.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நொடிக்கு 60 சுற்று. நம் நாட்டில் 230 வோல்ட், 50 சுற்று. (ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60; அவர்கள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.) அமெரிக்க யந்திரத்தைக் கொண்டுவந்தவர் ஒரு டிரான்ஸ்பார்மரை வைத்து வோல்ட்டைச் சரிக்கட்டிவிடுவார். சுற்றைச் சரிக்கட்ட டிரான்ஸ்பார்மரால் ஆகாது. மின்சாரத்தின் சுற்றையே நம்பி ஓடுகிற அதன் மோட்டார் இங்கே ஆறுக்கு ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். அதில் பாட்டைப் பதிந்து அதிலேயே கேட்டால் ஒன்றும் தெரியாது. மெதுவாகப் பதிந்ததை மெதுவாகவே திருப்பிச் சொல்லும். அதே சுருளைச் சரியான வேகத்தில் ஓடும் வேறு யந்திரத்தில் போட்டால், ஐந்து ஆறாகிவிடும். பாடகரின் ஸ்ருதி, ஷட்ஜத்திலிருந்து சாதாரண காந்தாரத்துக்கு ஏறிப்போய் நிற்கும். கம்பீரமான சாரீரம் கீச்சுக் குரலாகும். விளம்ப காலம் அவசரமாகும். கேட்கிறவர், "அந்தக் காலத்தில் இவர் இவ்வளவு மேல் ஸ்ருதியில் பாடினாரா!" என்று ஆச்சரியப்பட்டுக் கட்டுரை எழுதினாலும் எழுதுவார்.

நம் ஊர் மெக்கானிக்குகள் இதற்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். நாடாவை இழுக்கிற சுழல்தண்டுக்கோ மோட்டாரின் கப்பிக்கோ ஒரு சின்னப் பித்தளைக் குழாயைக் கடைந்து மாட்டிவிட்டால் விட்டம் பெருகும், வேகம் சரியாகும். கடைசல் யந்திரத்துக்குப் பஞ்சாலை ஊரில் குறைச்சலா? சேகரிப்பாளர் அந்தப் பித்தளைக் குழாயைப் பார்த்தவுடன் "அசல் இல்லை" என்று முகத்தைச் சுளிப்பார். கழற்றி எறிந்து 'சுத்தம்' செய்வார். அந்த யந்திரம் இந்த மண்ணில் ஓடியது என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியும் அதனோடு குப்பைக்குப் போகும்.

இனி நாடாவுக்கு வருவோம். ஒருவர் உங்களிடம் ஒரு சுருளை நீட்டி, "ஸ்ரீவில்லிபுத்தூர் அரையர் சேவை, 1952 மார்கழி" என்று அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்புவதா?

நாடாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். சுருளின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவி வந்தால் அது அசிடேட் நாடா. புளித்த காடி வாசனை அடித்தால் அது அழிந்துகொண்டிருக்கிற அசிடேட் நாடா. அசிடேட் அறுந்தால் பட்டென்று நேராக அறும். பாலியெஸ்டர் அறுவதற்கு முன்னால் சவ்வு மிட்டாய் மாதிரி நீளும். பாலியெஸ்டர் நாடா வெளியில் புழங்கியது 1950-களின் நடுவிலிருந்துதான். ஆகவே கையில் இருப்பது பாலியெஸ்டரானால் 1952 என்ற கதை ஆட்டம் காணும். ஆனால் உடனே பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. 1952 நாடாவை 1970-இல் யாரோ ஒரு புண்ணியவான் நகல் எடுத்திருக்கலாம். ஓலைச் சுவடி நூறு இருநூறு வருஷத்துக்கு மேல் தாங்காது என்பது உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிய கதை படித்தவர்களுக்குத் தெரியும். அவர் கையில் கிடைத்தது எல்லாம் நகலின் நகல்தான். அதற்காகச் சங்க இலக்கியம் போலி ஆகிவிடவில்லை.

நகலா, மூலமா என்று கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. வருஷக்கணக்காகச் சுற்றியபடியே இருந்த நாடாவில், ஒரு சுற்றின் குரல் அடுத்த சுற்றில் லேசாகப் படிந்துவிடும். நிசப்தத்துக்குப் பிறகு பாடகர் வாய் திறக்கப் போகிறார். அதற்கு முன்பே அந்த முதல் எழுத்து எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்லியதாகக் கேட்கும். ஆவி முன்னே வந்து ஆள் பின்னே வருகிற மாதிரி. இரண்டுக்கும் இடையே உள்ள நேரம், நாடா ஒரு சுற்றுச் சுற்றும் நேரம். 7 அங்குலச் சுருளின் வெளி ஓரத்தில் ஒரு சுற்று சுமார் 50 சென்டிமீட்டர். நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் இரண்டரை நொடிக்குச் சற்று மேல். உள்ளே குடத்தை நெருங்க நெருங்க அந்த இடைவெளி ஒரு நொடிக்கும் கீழே போகும். இப்போது கையில் இருக்கிற சுருளில் வெளி ஓரத்தில் ஓடும்போது ஆவிக்கும் ஆளுக்கும் ஒரு நொடிதான் இடைவெளி என்றால், அந்தப் பகுதி முதலில் வேறொரு சுருளின் உட்புறத்தில் இருந்தது; இது நகல்.

பிறகு காதால் கேட்க வேண்டும். பாட்டை அல்ல, பாட்டுக்குப் பின்னால் இருப்பதை. கல் மண்டபமானால் தாளத்தின் ஓசை சுவரில் பட்டுத் திரும்பி வரும். வீட்டுக் கூடமானால் அப்படியே அடங்கும். வால்வு யந்திரத்தில் மின்சாரத்தின் முனகல் கொஞ்சமாவது ஏறியிருக்கும். அது 50 சுற்று முனகலா, 60 சுற்றா என்று இன்று கையிலிருக்கிற டெலிபோனே அளந்து சொல்லிவிடும். இந்த நாட்டில் பதிந்ததாகச் சொல்லுகிற சுருள் 60 முனகினால், மேலே சொன்ன அமெரிக்க மோட்டாரை உடனே நினைத்துக்கொள்ளலாம். வேகத்தைக் குறைத்து முனகலை 50-க்குக் கொண்டுவந்து நிறுத்தினால் பாடகரும் தம் ஸ்ருதிக்கு வந்துவிடுவார். தம்பூராக்காரர் ஸ்ருதி தவறலாம்; மின்சார இலாகா அந்த அளவுக்குத் தவறாது.

ரயில் ஊதினால் கவனிக்க வேண்டும். விருதுநகர் – தென்காசிப் பாதை 1927-இல் போட்டது. இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு போகிறது. நீராவி எஞ்சினின் ஊதலும் டீசல் எஞ்சினின் ஊதலும் ஒன்றல்ல. நடுவில் யாரோ பேசுகிறார்கள். "ரெண்டணா" என்கிறார்களா, "பன்னிரண்டு பைசா" என்கிறார்களா? 1957-இல் நயா பைசா வந்தது. கிழவர்கள் அதற்குப் பிறகும் அணாவை விடவில்லை என்பதால் இது பாதிச் சாட்சி. "சென்னை ராஜ்யம்" என்று ஒருவர் மேடையில் முழங்கினால் 1969-க்கு முந்தியது என்று பெரும்பாலும் நம்பலாம். "ராமநாதபுரம் ஜில்லா" என்றால் 1985-க்கு முந்தியது. அந்த வருஷந்தான் விருதுநகர் தனி மாவட்டமாயிற்று.

பெர்லினில் 1944-இல் கீஸகிங் பியானோ வாசித்த பீத்தோவன் நாடாவில், மெல்லிய இடங்களில் டப் டப் என்று ஏதோ வெடிக்கிறது. விமானத்தைச் சுடும் பீரங்கி. அந்த நாடாவின் காலத்துக்கு அதைவிட வேறு முத்திரை வேண்டாம்.

இந்த வித்தை மேல்நாட்டு வித்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஆண்டாளின் காலம் என்ன என்று மு. இராகவையங்கார் ஆராய்ந்தபோது, அவர் கையில் கல்வெட்டு இல்லை. திருப்பாவையில் பறவைகள் கூவுகின்றன, பொழுது விடிகிறது. அந்த விடியலில் வெள்ளி உதித்து வியாழன் மறைந்ததாக ஆண்டாள் போகிற போக்கில் சொல்லுகிறாள். மார்கழியில் அப்படி இரண்டு கிரகமும் நின்ற வருஷம் எது என்று கணக்குப் பார்த்து, கி.பி. 8-ஆம் நூற்றாண்டு, 731 என்று வந்து சேர்ந்தார். அதை ஒப்பாதவர்களும் உண்டு. முடிவு எப்படி இருந்தாலும், பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பாட்டின் பின்னால் ஆகாயத்தில் என்ன நடந்தது என்று பார்த்தாரே, அதுதான் நாடாவைப் பரிசோதிக்கிறவன் செய்கிற காரியமும்.

கோர்ட்டுகளும் இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கின்றன. பஞ்சாப் முதல்வராக இருந்த பிரதாப் சிங் கைரோன் தம்மைப் பழிவாங்கினார் என்று ஒரு சிவில் சர்ஜன் தொடுத்த வழக்கில், டெலிபோன் பேச்சைப் பிடித்த நாடாக்கள் சாட்சியாக வந்தன. நாடாவில் கைவைக்க முடியும் என்பதற்காக அதைச் சாட்சியே இல்லை என்று தள்ள முடியாது என்று 1963-இல் நமது சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 1967-இல் யூசுபலி நாக்ரீ வழக்கில் லஞ்சப் பேச்சைப் பக்கத்து அறையில் ஒளித்துவைத்த யந்திரம் பதிந்திருந்தது, அதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அழிக்கவும் திருத்தவும் எளிதான வஸ்துவாகையால் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும் என்று எச்சரித்தார்கள்.

எவ்வளவு எளிது என்பதை அமெரிக்கா 1973-இல் பார்த்தது. ஜனாதிபதி நிக்ஸன் 1972 ஜூன் 20-ஆம் தேதி பேசிய பேச்சில் பதினெட்டரை நிமிஷம் வெறும் ரீங்காரம். அவருடைய காரியதரிசி, டெலிபோனை எடுக்கப் போனபோது தவறிப் போய்ச் சாவியை அழுத்தியிருக்கலாம் என்றார். ஆறு நிபுணர்கள் உட்கார்ந்தார்கள். நாடாவின்மேல் இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவினால் காந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். அழிக்கும் ஹெட் நாடாவில் விழுந்த தடமும், எழுந்த தடமும் பூனை பாலில் வாய் வைத்த அடையாளம் மாதிரி வரிசையாக இருந்தன. குறைந்தது ஐந்து தடவை, கையால் சாவியை இயக்கி அழித்திருக்கிறார்கள், அழித்த யந்திரம் அந்த அம்மாள் மேஜையில் இருந்த ஊஹெர் 5000 மாடல் என்று 1974-இல் அறிக்கை கொடுத்தார்கள். யார் கை என்பதை மட்டும் திரவம் சொல்லவில்லை. பெட்டிக்கடை நாய்க்கே மோப்பம் உண்டு என்றால், யந்திரத்துக்குக் கைரேகை இருப்பதில் என்ன ஆச்சரியம்?

இத்தனை பரிசோதனையும் ஒரு நிமிஷத்தில் வீணாகிற இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பழைய யந்திரத்தை வாங்க வருகிறவர், அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? யந்திரத்தின்மேல் ஏற்கெனவே ஒரு சுருள் மாட்டியிருக்கிறது. தட்டு சுற்றுகிறது. "பதிவும் ஆகிறதா பாருங்கள் அண்ணாச்சி" என்று வியாபாரி சிவப்புச் சாவியை அழுத்துகிறார். "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ." திருப்பிப் போட்டால் அச்சாக வருகிறது. விலை படிகிறது. அந்த "ஹலோ"வுக்கு முன்னால் அந்த அங்குலங்களில் யார் குரல் இருந்தது என்று கேட்பவர் அங்கே யாரும் இல்லை. பதியும் ஹெட்டுக்கு முன்னால் அழிக்கும் ஹெட் இருக்கிறது. அது முதலில் துடைத்துவிட்டுத்தான் மற்றது எழுதும். நொடிக்கு 19 சென்டிமீட்டர் வீதம் துடைக்கும்.

ஏழை யந்திரம்தான் இப்படி என்பதில்லை. அப்போலோ 11 சந்திரனில் இறங்கியபோது பதிந்த மூல நாடாக்களை நாசாக்காரர்கள் வருஷக்கணக்காகத் தேடிவிட்டு, நாடாத் தட்டுப்பாட்டில் அவற்றை அழித்து மறுபடி உபயோகித்திருக்க வேண்டும் என்று 2009-இல் ஒப்புக்கொண்டார்கள். வானொலி நிலையங்களும் உலகம் பூராவும் இதைத்தான் செய்தன. நாடா விலை உயர்ந்தது, பேச்சு மலிந்தது. 1956-இல் ராஜரத்தினம் பிள்ளை, 1965-இல் ஜி. என். பி., 1967-இல் அரியக்குடி, 1968-இல் மதுரை மணி என்று போனவர்களுடைய கச்சேரிகளை இன்று நாம் கேட்கிறோம் என்றால், அதில் பெரும் பங்கு, ரேடியோவுக்கும் சபா மேடைக்கும் முன்னால் சொந்த யந்திரத்தை வைத்துக்கொண்டு தூக்கம் விழித்த ரசிகர்களின் புண்ணியம். நிலையம் அழித்ததை வீடு காப்பாற்றியது. அந்த வீட்டு நாடாவை இப்போது யந்திரம் வாங்குகிறவர் "ஹலோ" சொல்லி அழிக்கிறார். அல்லது அசல் கம்பெனித் தட்டு வேண்டும் என்பதற்காக நாடாவை உருவி எறிந்துவிட்டுத் தட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

வாங்குகிறவர்கள் ஒரு புதுச் சுருளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மாட்டியிருக்கிற சுருளை முதலில் இறக்கிவைக்க வேண்டும். நாடாவை ஓட்டுவதற்கு முன்னால் ஹெட்டில் ஏறியிருக்கிற காந்தத்தை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். காடி வாசனை அடிக்கும் சுருளை மற்றவற்றோடு வைக்கக் கூடாது. அது தொத்து வியாதி. ஒரு மணி நேரச் சுருளை நகல் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். இதற்குக் குறுக்கு வழி தேடுகிறவர்கள் நாய் வளர்க்கப் போகலாம்.

அட்டைப் பெட்டியையும் தூர எறியக் கூடாது. நாடாவுக்குப் பஞ்சமிருந்த காலத்தில் ஒரே சுருளில் மாற்றி மாற்றிப் பதிந்திருப்பார்கள். பெட்டியின் முதுகில் பேனா மையில் ஒரு தலைப்பு, அதை அடித்து இன்னொன்று, அதையும் அடித்து மூன்றாவது என்று இருக்கும். அடித்த தலைப்பெல்லாம் போனவை என்று நினைப்பது வழக்கம். எல்லாச் சமயத்திலும் அப்படி அல்ல. 1950-களின் யந்திரங்கள் கால் அங்குல நாடாவை இரண்டு பாதையாகப் பிரித்து எழுதின. அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்தவை நான்கு பாதையாகப் பிரித்தன. பழைய இரண்டு பாதைச் சுருளின்மேல் புதிய நான்கு பாதை யந்திரம் ஒரே ஒரு பாதையில் எழுதியிருந்தால், அது மேல் கால் பாகத்தை மட்டுந்தான் துடைத்திருக்கும். பழைய பாதையின் மீதிப் பாதி அதன் கீழே அப்படியே இருக்கும். நான்கு பாதை யந்திரத்தில் அந்தச் சுருளைத் திருப்பி மாட்டினால் அது பின்னிருந்து முன்னாக, புரியாத பாஷையாக ஓடும். மெக்கானிக் யந்திரத்தில் கோளாறு என்று சொல்லிக் கழற்றப் பார்ப்பார். அவரைத் தடுத்து, அந்த உளறலை அப்படியே நகல் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், பெட்டியில் முதலில் எழுதி அடித்த பெயருக்கு உரியவர் பாட ஆரம்பிப்பார்.